டேப்பட் கவருக்கு ஒரு பரஸ்தானம்

என் மகள் ஓட்டிய கார் இரும்புலியூர் அருகே ஜி.எஸ்.டி. ரோட்டில் புகைந்தபோது, பக்கத்து இருக்கையில் இருந்த நான் முதலில் கதவைத் திறக்கவில்லை. என் கைப்பைக்குள் கையை விட்டு அவளுடைய டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறதா என்று தேடினேன். எரிந்து போனாலும் சட்டப்படி எரிய வேண்டும் என்று நினைத்தேனோ என்னவோ. அரசு அலுவலகத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்தால் பயம்கூட இப்படித்தான் வரும் போலிருக்கிறது.

பானெட்டின் ஓரங்களிலிருந்து புகை சுருள் சுருளாக வந்தது. மகள் இண்டிகேட்டர் போட்டு, பின்னால் வந்த பஸ்ஸுக்கு வழி விட்டு, ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்தாள். "அம்மா, இறங்கு" என்றாள். நான் இன்னும் லைசென்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன். அது அவள் பையில் இருந்தது.

கூட்டம் சேர்ந்தது. ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவின் டிரைவர் இறங்கி வந்து, குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"தண்ணி ஊத்தாதப்பா, நெருப்பு இல்ல. ஆயில் கசிஞ்சிகினு கீது. டேப்பட் கவர் பேக்கிங் பூட்ச்சி. சூடா கீற சைலன்சர் கொழா மேல ஊத்துதுல்ல, அதான் பொகை. இன்னாத்துக்குமா இப்டி நடுங்கற? பேஜார் ஆவாத."

பேஜார் ஆகாமல் எப்படி இருப்பது? புகை நின்றது. என் பயம் நிற்கவில்லை. அதற்குப் பிறகு பல நாட்கள், கடுகு தாளிக்கும் வாசனை வந்தாலே படியிறங்கிப் போய்க் காரை முகர்ந்து பார்த்துவிட்டு வருவேன். எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன் முதலில் வணக்கம் சொல்வார். பிறகு அதை நிறுத்திவிட்டு என்னைக் கவலையோடு பார்க்கத் தொடங்கினார்.

விஷயம் இதுதான். என் மகள் பிசியோதெரபி படித்தவள். பெரும்பாக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும், காலை ஏழு மணி டியூட்டி. நாங்கள் இருப்பது சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. "கார் சரியாகலன்னா நான் ஸ்கூட்டர் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். மேடவாக்கம் ரோட்டில், விடியற்காலையில், தண்ணீர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர். ஒரு பக்கம் புகைகிற கார், மறு பக்கம் தண்ணீர் லாரி. வேலைக்கே போக வேண்டாம் என்று எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் அவளைப் படிக்க வைத்தவளும் நான்தான். ஆகவே திங்கட்கிழமைக்குள் அந்தக் கசிவு நின்றாக வேண்டும்.

எஞ்சினின் தலைக்கு மேல் ஒரு மூடி உண்டு. அதைத்தான் டேப்பட் கவர் என்கிறார்கள். மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே குக்கர் மூடியில் இருப்பது போல ஒரு ரப்பர் வளையம். அதற்குப் பேர் பேக்கிங். அது இறுகிக் காய்ந்து போனால் ஆயில் வெளியே வரும். புது ரப்பர் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும். இவ்வளவுதான் சங்கதி என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்தது எங்கள் பகுதியைப் பற்றிய என் அறியாமை.

ஏனென்றால் இங்கே இருப்பவர்கள் எல்லோரும் கசிவில் நிபுணர்கள். ஒவ்வொரு மழைக்காலமும் எங்களுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுக்கிறது. மொட்டை மாடி விரிசல், பாத்ரூம் மூலை, வாசற்படி இடுக்கு, ஜன்னல் சட்டம், கீழ்த்தொட்டி என்று அடைத்து அடைத்துப் பழகிய கைகள். ஐப்பசி பிறந்தால் மற்ற ஊர்களில் தீபாவளிக்குத் துணி எடுப்பார்கள். எங்கள் குடியிருப்பில் சிலிகான் டியூப் எடுப்பார்கள். என் கணவர் அதை அமுக்கிப் பிதுக்குவதற்கென்றே துப்பாக்கி போல ஒரு கருவி வாங்கி வைத்திருக்கிறார். அதைத் தோளுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அவர் பாத்ரூமுக்குள் நுழையும்போது எல்லைக்குப் போகிற வீரரைப் போலவே இருக்கும். நிறையப் பூசினால் நிறையப் பாதுகாப்பு என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் பொதுவான மதம். மற்ற மதங்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு சின்னக் கேள்விதான் கேட்டேன். கார் டேப்பட் கவருக்கு எந்த சீலன்ட் நல்லது? பதில்கள் மதியம் வரை வந்தன. சிவப்பு டியூப்தான் சூடு தாங்கும் என்றார் ஒருவர். கறுப்புதான் ஆயிலுக்கு என்றார் இன்னொருவர். சாம்பல் நிறம் இருக்க மற்றது எதற்கு என்று மூன்றாவது மாடி சார் கேட்டார். அவரிடம் கார் கிடையாது. ஒருவர் தன் மாடித் தொட்டியின் படத்தைப் பூசுவதற்கு முன்னும் பின்னுமாகப் போட்டு, தனக்குச் செய்து கொடுத்த ஆளின் எண்ணையும் அனுப்பினார். அதற்குக் கீழே யாரோ காலை வணக்கம் என்று ரோஜாப்பூ அனுப்பினார்கள். பல்லாவரத்தில் இருக்கும் என் நாத்தனார், என் கணவரின் அக்கா, இந்தக் குழுவிலேயே இல்லை. ஆனாலும் அவரிடமிருந்து போன் வந்தது.

"கறுப்பு வாங்காதே. பொண்ணு முதல் வேலைக்குப் போறா. சிவப்பா ஏதாவது இருக்கான்னு பாரு."

"அண்ணி, அது எஞ்சினுக்குள்ள இருக்கும். யாருக்கும் தெரியாது."

"சாமிக்குத் தெரியும்ல?"

நான் படித்தவள். ஆகவே புத்தகத்தைத் தேடினேன். அந்தக் காரின் பழுதுபார்ப்புக் கையேடு இணையத்தில் கிடைத்தது. அதை அலுவலகத்தில் அச்செடுத்து, அடிக்கோடு போட்டுப் படித்தேன். அது எங்கள் மதத்துக்கு நேர் எதிரான நூல். புது ரப்பரைக் காய்ந்தபடியே பள்ளத்தில் உட்கார வை. சுற்றிலும் எதையும் பூசாதே. மூடி இரண்டு உலோகத் துண்டுகள் சேரும் இடத்தைக் கடக்கும் மூலைகளில் மட்டும், கடலைப் பருப்பு அளவு பேஸ்ட் வை. பரப்பில் துளி எண்ணெயும் இருக்கக் கூடாது. மாட்டிய பிறகு ஒரு முழு நாள் காய விடு. பேஸ்ட் ஆயில் தாங்குவதாகவும், புளித்த காடி வாசனை அடிக்காததாகவும் இருக்க வேண்டும். அந்த வாசனை உள்ள வகை உலோகத்தை அரிக்கும், புகைக்குழாயில் இருக்கும் சென்சாரையும் கெடுக்கும். சுற்றிலும் அப்பினால் மிச்சம் உள்ளே பிதுங்கி, உதிர்ந்து, ஆயிலை உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும். அப்புறம் எஞ்சினே போச்சு.

நிறத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

என் கணவரின் கருவியில் மாட்டியிருந்த பாத்ரூம் சிலிகானை எடுத்து முகர்ந்து பார்த்தேன். சுத்தமான காடி வாசனை.

பம்மலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கின்றன என்று அங்கே போனேன். கடைக்காரர் என்னைத் தாண்டி என் பின்னால் பார்த்தார். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தார்.

"இன்னாமா ஓணும்?"

பேக்கிங் கேட்டேன். காரின் பெயரும் வருடமும் சொன்னேன். ரப்பர் வளையத்தை எடுத்துப் போட்டார். பிறகு பேஸ்ட் கேட்டேன்.

"இன்னா கலரு?"

"கலர் முக்கியமில்லங்க. ஆயில் தாங்கணும், காடி வாசனை வரக் கூடாது, சென்சாருக்கு ஆகாததா இருக்கக் கூடாது."

அவர் கடைக்குள் திரும்பி, "மச்சான், இங்க ஒரு அம்மா பேஸ்ட்ட மோந்து பாத்து வாங்கறாங்கோ" என்றார். உள்ளே யாரோ, "வெண்டைக்காயா, ஒடச்சிப் பாக்கச் சொல்லு" என்றார். இருவரும் சிரித்தார்கள். கடைக்காரர் எல்லா நிறத்திலும் ஒவ்வொரு டியூபாக எடுத்து மேஜையில் வைத்தார். புடவைக் கடை போலவே இருந்தது. நான் ஒவ்வொன்றின் பின்புறத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நான் தேடியதெல்லாம் ஒரு சாம்பல் நிற டியூபில்தான் எழுதியிருந்தது. மூன்றாவது மாடி சார் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதை இன்று வரை நான் குழுவில் ஒப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மதியம் கேம்ப் ரோட்டு மெக்கானிக் எங்கள் கார் நிறுத்தும் இடத்துக்கே வந்தார். இந்தக் காருக்கு ஏற்கெனவே அவர்தான் வைத்தியம் பார்த்திருக்கிறார். மூடியைக் கழற்றியதும் அந்த வைத்தியமெல்லாம் தெரிந்தது. பழைய ரப்பரைச் சுற்றி சிவப்பு, அதன் மேல் கறுப்பு, அதன் மேல் ஏதோ வெள்ளை. உள்பக்கம் புழு போலப் பிதுங்கி நின்றது. என் மகள் ஒரு துண்டை விரலால் உருவினாள். அது முழுசாக வந்தது.

"அண்ணா, இது உள்ள விழுந்தா ஆயில் வலை அடைச்சுக்காதா?"

"விழாதும்மா. நம்ம போட்ட பேஸ்ட்டு. பத்து வருஷத்துக்கு அசையாது."

"இப்போ என் கையில இருக்கே?"

மெக்கானிக் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் மேகத்தைப் பார்த்தார்.

மகள் பரப்பை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். ஆபரேஷனுக்கு முன் காலைத் துடைப்பது போல, ஒரே திசையில். துடைத்து முடித்த நேரத்தில் என் கணவர் போனில் அக்காவின் உத்தரவைக் கேட்டுக்கொண்டே வந்து, அந்தப் பளபளப்பான உலோகத்தின் மேல் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். மகள் மறுபடி ஸ்பிரிட்டைத் திறந்தாள்.

பிறகு டியூபை யார் பிடிப்பது என்பதில் சண்டை வந்தது. மெக்கானிக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. மூலைகளில் மட்டும் துளித் துளியாக வைத்தாள்.

"இன்னாமா பொட்டு வெக்கற? சுத்தி ஒரு கோடு இழு. வெறும் ரப்பர நம்பி உட்டா நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்."

"புத்தகத்துல இப்படித்தான் போட்டிருக்கு" என்றேன்.

"புத்தகம் எழுதனவன் நம்ம ஊர் ரோட்ல ஓட்டினானா மேடம்?"

கேட்டுவிட்டு அவர் போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக முடுக்கிக் கொடுத்தார். அதை நன்றாகவே செய்தார். "லீக் ஆச்சுன்னா எனக்கு போன் அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மூடி மாட்டியாகிவிட்டது. இனி ஞாயிறு மதியம் வரை யாரும் சாவியைத் தொடக் கூடாது.

மகள் குளிக்கப் போனாள். அப்போது பல்லாவரத்திலிருந்து மறுபடி போன் வந்தது.

ஞாயிறு அஷ்டமி. திங்கள் நவமி. இரண்டிலும் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. ஆனால் ஆஸ்பத்திரிக்காரன் தேதியை மாற்ற மாட்டான். அதற்கும் வழி இருக்கிறது, பரஸ்தானம். போகிற நாள் நல்லதாக இல்லாவிட்டால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில் பயணப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போய் யார் வீட்டிலாவது வைத்துவிட்டு வருவார்கள். பெட்டி கிளம்பிவிட்டதால் ஆளும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. கடவுளுக்கும் நமக்கும் இடையே இருக்கும் நல்ல உடன்படிக்கை அது. என் நாத்தனார் அதைக் காருக்குப் பொருத்தினார்.

"இன்னிக்கே நல்ல நேரத்துல பேருக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, தெருமுனைப் பிள்ளையார் வரைக்கும் போயிட்டு வந்துடுங்க. அப்புறம் எத்தனை நாள் வேணா காயட்டும்."

அடிக்கோடு போட்டுப் படித்தவள் நான். ஒரு முழு நாள் என்ற வார்த்தைகளைச் சிவப்பு மையில் சுற்றியவளும் நான்தான். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கொஞ்சம் யோசித்தேன். தெருமுனை என்ன தூரம்? எஞ்சின் சூடாவதற்குள் திரும்பிவிடலாம். கையேட்டை மீறினால் ஆயில் ஒழுகலாம். அஷ்டமி நவமியை மீறி அவளுக்கு ஏதாவது ஆனால், அதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? நானே போய் எலுமிச்சம்பழம் எடுத்து வந்து டயருக்குக் கீழே வைத்தேன்.

என் கணவர் ஓட்டிப் போனார். தெருமுனையில் ஒரு மணல் லாரி திரும்பிக்கொண்டிருந்ததால் போக வர நேரமாகிவிட்டது. கார் திரும்பி வந்து நின்றதும் நானே பானெட்டைத் திறக்கச் சொன்னேன். மூடியின் ஒரு மூலையில், ஈரமான சாம்பல் பேஸ்ட்டைத் தள்ளிக்கொண்டு, தேன் போல ஒரு கோடு இறங்கியிருந்தது.

ஈரத் தலையோடு மகள் கீழே வந்தாள். காரைப் பார்த்தாள். நசுங்கிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள்.

"ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"பேருக்குத்தான்" என்றார் அவள் அப்பா.

"அப்பா, மாவுக்கட்டு போட்டுட்டு அது காயறதுக்குள்ள பேஷன்ட்டைப் பேருக்கு ஓடச் சொல்வியா?"

"பேஸ்ட் பத்தலைடி. மெக்கானிக் அப்பவே சொன்னான்."

அதற்குள் வாட்ச்மேன் வந்துவிட்டார். மூன்றாவது மாடி சார் வந்துவிட்டார். மூலைகளில் மட்டும் வைத்தால் ஒழுகாமல் என்ன செய்யும் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். சுற்றிலும் பூசியபோது ஒழுகியதைப் பற்றி யாரும் பேசவில்லை. என் கணவர் மேலே போய் அந்தத் துப்பாக்கியோடு திரும்பினார்.

"கழட்டவே வேணாம். வெளிப்பக்கமா சுத்தி ஒரு இழுப்பு. பாத்ரூம் நின்னுச்சா இல்லையா?"

"ஒழுக்குக்கு மேல பூசினா ஒட்டாதுப்பா" என்றாள் மகள். அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மகளும் என்னைத்தான் பார்த்தாள்.

திங்கட்கிழமை கிட்டத்தில் இருந்தது. வெளியே பூசிவிட்டால் இப்போதே பார்வைக்கு நின்றுவிடும். எல்லோரும் மேலே போய்விடுவார்கள். நானும் தூங்கலாம். பிறகு ஒரு நாள் மேடவாக்கம் ரோட்டில் அந்த வெள்ளைப் பட்டை உரிந்து தொங்கும். அப்போது பக்கத்து இருக்கையில் நான் இருக்க மாட்டேன். என் கணவரின் கையிலிருந்து அந்தக் கருவியை வாங்கிக்கொண்டேன். மேலே கொண்டு போய் பீரோவில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். கார் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டேன். கீழே இருந்தவர்களுக்கு ஜன்னல் வழியாக, "நாளைக்குப் பார்த்துக்கலாம், எல்லாரும் காபி சாப்பிடப் போங்க" என்றேன். காபி நான் தரவில்லை.

ஞாயிறு காலை நாலு மணிக்கே, டார்ச் வெளிச்சத்தில், நாங்கள் இருவர் மட்டும் கீழே இறங்கினோம். அவள் மூடியைக் கழற்றினாள். நான் கையேட்டைப் படித்துக் காட்டினேன். பாதி காய்ந்த பேஸ்ட்டைச் சுரண்டி, ஆயிலைத் துடைத்து, ஸ்பிரிட் போட்டு, மறுபடியும் மூலைகளில் வைத்து, மூடியை மாட்டி முடுக்கினாள். அவள் விரல்கள் அவசரப்படவில்லை. யாருடைய முழங்கால் மூட்டையோ தொட்டுப் பார்ப்பது போலத்தான் ஒவ்வொரு இடத்தையும் தொட்டாள். இவளிடம் கால் கொடுப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது. ரோட்டில் பயப்பட வேண்டுமா என்பது வேறு விஷயம்.

அன்று நாள் முழுக்கச் சாவி என் இடுப்பில் இருந்தது. பல்லாவரத்திலிருந்து வந்த போனை எடுத்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, பிள்ளையார் காப்பாற்றினார் என்று சொன்னேன்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அவள் கிளம்பியபோது நான் முன்னாலேயே போய்க் காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, நீ எங்க வர்ற?"

"கேம்ப் ரோடு வரைக்கும். பால் வாங்கணும்."

"பால் வாசல்ல இருக்கு."

அவள் வண்டியை எடுத்தாள். நான் சந்து முனையில் ஒரு தடவை மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்தைத் தாண்டி இன்னொரு தடவை. யாரோ குப்பை எரித்துக்கொண்டிருந்தார்கள். "நிறுத்து" என்றேன். நிறுத்தினாள். இறங்கிப் பானெட்டைத் தூக்கினாள்.

எஞ்சின் சூடாக இருந்தது. மூடியின் மூலைகள் எல்லாம் காய்ந்திருந்தன. ஒரு வெள்ளை டிஷ்யூ காகிதத்தை எடுத்து, சுற்றிலும் ஒற்றி, என் கையில் கொடுத்தாள். அதில் கொஞ்சம் தூசிதான் இருந்தது.

"அம்மா, லீக் நின்னுடுச்சு. இதுக்கு மேல நீ என்ன பார்க்கணும்?"

பார்ப்பதற்கு நிறைய இருந்தது. மேடவாக்கம் முனை, லாரிகள், திடீரென்று குறுக்கே வரும் மாடுகள், அவளுடைய இருபது சொச்சம் வயது. இதில் எதற்கும் பேக்கிங் கிடையாது.

"ஒண்ணும் இல்ல. நீ போ. லேட்டாகுது."

வீட்டுச் செருப்போடு கேம்ப் ரோட்டு ஓரத்தில் நின்றேன். கார் பஸ்ஸுக்குப் பின்னால் போய், பஸ்ஸைத் தாண்டாமல், பொறுமையாக அதன் பின்னாலேயே போய், கண்ணிலிருந்து மறைந்தது. புகை எதுவும் இல்லை.

நடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என் கணவர் பேப்பரைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவளிடமிருந்து ஒரு வரி வந்தது. வந்து சேர்ந்துவிட்டாளாம். வாய்விட்டுப் படித்தேன்.

அவர் தலையாட்டினார். பிறகு, இதுவரை எதற்குமே பயப்படாத அந்த மனிதர் கேட்டார்:

"பிரேக் எப்படிப் பிடிக்குதுன்னு கேட்டியா?"